காலை பத்து மணிக்குக் குப்பை வண்டிப் பாட்டு

மாலை ஆறு மணியானால் அந்தச் சந்தில் இருக்கும் அத்தனை பேரும் தெருவில் நிற்பார்கள். குப்பை வண்டி வரும் நேரம் அது. தைநான் நகரத்தில் குப்பையை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொள்ள முடியாது. வண்டி பாடிக்கொண்டே வரும். அவரவர் பையை அவரவரே கொண்டுபோய் அதற்குள் எறிய வேண்டும். பாட்டு தூரத்தில் கேட்டாலே போதும், அடுப்பை அணைத்துவிட்டு, ஆளுக்கொரு ஜோடியில்லாச் செருப்பை மாட்டிக்கொண்டு சந்து முனைக்கு ஓடுவார்கள். வண்டி வரும்வரை நடுத்தெருவில் நின்று ஊர் வம்பெல்லாம் பேசித் தீர்ப்பார்கள். ஒருவரையொருவர் பிடிக்காதவர்கள்கூட அந்த நேரத்தில் பேசிக்கொள்வார்கள்.

அந்தக் கூட்டத்துக்கு நடுவே ஆரஞ்சு நிற மேல்சட்டை போட்டுக்கொண்டு, யார் பையில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பவள்தான் யூ-சின். பேட்டையின் தலைவி. ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த தலைவி. இது மூன்றாவது தடவை. பிளாஸ்டிக் பாட்டிலைச் சாப்பாட்டுக் குப்பையோடு கலந்து போட்டவரை அவள் அடுத்த தேர்தல் வரை மறக்க மாட்டாள். குரல் அப்படி. பேட்டை அலுவலகத்தில் ஒலிபெருக்கி இருப்பதே வீண் என்று சந்துக்காரர்கள் சொல்வது பொய்யில்லை.

அவள் கண்ணில்தான் ஹோக்-லாயின் பை பட்டது. பையில் ஒரே ஒரு வாழைப்பழத் தோல்.

"என்ன அண்ணே, இதுக்குப் போய் இவ்ளோ தூரம் நடந்து வந்தீங்களா? நாளைக்குச் சேத்துப் போட்டா என்ன?"

"நாறும்" என்றார் ஹோக்-லாய்.

மறுநாள் பையில் கசக்கிய காகிதம் ஒன்று. அதற்கும் மறுநாள் பல் குத்தும் குச்சி இரண்டு. "இதுவும் நாறுதா அண்ணே?" என்று கேட்டாள்.

ஹோக்-லாய் மலைப்பாதையில் பேருந்து ஓட்டியவர். மழையில் மண் சரிந்த வளைவுகளில்கூட ஒரு கையால் ஸ்டியரிங்கைத் திருப்புவார் என்று பேர். பக்கவாதம் வந்த பிறகு வலது கால் இழுத்துக்கொண்டது. நான்கு கால் ஊன்றுகோல் ஒன்றை முன்னால் வைத்து, காலை இழுத்து, மறுபடி கோலை வைத்து, அப்படித்தான் நடப்பார். ஆனாலும் வாய் கொஞ்சமும் இழுத்துக்கொள்ளவில்லை. சதுரங்கத்தில் அவரோடு உட்கார்ந்தவன் தோற்பதும் அல்லாமல் திட்டும் வாங்கிக்கொண்டு போவான்.

பையை வண்டியில் எறிந்தவர் வீட்டுக்குத் திரும்பவில்லை என்பதை யூ-சின் அன்றைக்குத்தான் கவனித்தாள். கூட்டத்தோடு கூட்டமாகத் தெருவைக் கடந்து, எதிர்ப்பக்கக் கோயில் முற்றத்து ஆலமரத்தடிக்குப் போனார். அங்கே பலகை தயாராக இருந்தது.

'ஆகா, மாட்டிக்கிட்டீங்களா' என்று யூ-சின் நினைத்தாள். குப்பை என்று மனைவியிடம் பொய் சொல்லிவிட்டு ஆட வருகிறார், அதுவும் பணம் வைத்து ஆடுகிறார் போலிருக்கிறது. நேரே அவர் வீட்டுக்குப் போய் அவர் மனைவி பெக்-ஹாவிடம் விஷயத்தைப் போட்டு உடைத்தாள். இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள், மரியாதையெல்லாம் கிடையாது.

பெக்-ஹா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

"நீ வந்து கேக்கறியா? நீயே வந்து கேக்கறியா யூ-சின்?"

"ஏண்டி, நான் கேக்காம யாரு கேப்பா?"

"காலையில ஏழு மணிக்குத் தொப்பி போட்டுக்கிட்டு ராஜா மாதிரி தனியாப் போயி, மத்தியானச் சோத்துக்கு வந்துக்கிட்டிருந்த மனுஷன் அவரு. இப்ப ஏன் குப்பை வண்டி நேரத்துல போறாருன்னு தெரியுமா உனக்கு? அந்த ஒரு நேரந்தான் தெருவுல ஆள் நிக்குது. அந்த ஒரு நேரந்தான் காரு மெதுவாப் போகுது. அதுக்காகக் குப்பை இல்லாத அன்னைக்கும் குப்பை தேடறாரு. திரும்பி வர்றதுக்கு நான் போயிக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வரணும், பாலர் பள்ளிப் பிள்ளை மாதிரி. அதுல அவருக்கு எவ்ளோ அவமானம் தெரியுமா? வீடு வர்ற வரைக்கும் எங்கிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டாரு."

"முன்னாடியெல்லாம் நல்லாத்தானே போனாரு?"

"முன்னாடி தெருவுல பூந்தொட்டி இருந்துச்சு மகராசி. அள்ளிட்டுப் போனது யாரு?"

யூ-சின் வாசல் வழியே தெருவை எட்டிப் பார்த்தாள்.

தொட்டிகளை அள்ளியது அவள்தான். சந்தில் ஒவ்வொரு வீட்டு முன்னாலும் தெருவை ஒட்டித் தொட்டிகள் இருந்தன. வெங்காயத்தாள், மிளகாய், கற்றாழை, செத்துப்போன ரோஜா. யாரும் வண்டியை நிறுத்திவிடக் கூடாது என்பதற்காக உடைந்த நாற்காலிகள், தண்ணீர் நிரப்பிய வாளிகள், ஒரு வீட்டில் பழைய துணி துவைக்கும் இயந்திரத்தின் கூடு. சட்டப்படி எல்லாமே ஆக்கிரமிப்புதான். வசந்த காலத்தில் சாமி ஊர்வலம் வந்தபோது, எட்டுப் பேர் தூக்கும் பல்லக்கு வளைவில் திரும்ப வேண்டும் என்று கோயில் குழுத் தலைவர் லியாவ் கேட்டுக்கொண்டார். யூ-சின் ஆட்களை வைத்து ஒரே பகலில் அத்தனையையும் எடுத்துக் கோயில் பின்கட்டில் அடுக்கிவிட்டாள். சந்து கண்ணாடி மாதிரி ஆனது. பேட்டையின் கைபேசிக் குழுவில் படம் போட்டாள். பூங்கொத்தும் கைதட்டலுமாக வந்து குவிந்தன. இவ்வளவு அழகாக இருக்கிறதே என்று ஊர்வலம் முடிந்த பிறகும் தொட்டிகளைத் திரும்ப வைக்க அவள் விடவில்லை.

இப்படி ஒரு அழகான சந்து இருப்பதை ஊர்வலத்துக்குப் பிறகு கண்டுபிடித்தது கார்க்காரர்கள்தான். பெரிய சாலையில் விளக்குக்கு விளக்கு நிற்க வேண்டும். தொட்டிகள் இல்லாத இந்த வழியாகப் புகுந்தால் நேரே போய்விடலாம்.

மறுநாள் காலை யூ-சின் சந்து முனை சோயாப் பால் கடையில் போய் உட்கார்ந்தாள். தான் செய்தது தப்பா இல்லையா என்று பார்க்கத்தான் போனாள். இல்லை என்று தெரிந்தால் பெக்-ஹாவிடம் போய் இரண்டு வார்த்தை கொடுக்கலாம் என்ற எண்ணமும் இருந்தது.

ஏழு மணிக்கு ஹோக்-லாய் வாசலுக்கு வந்தார். சலவைச் சட்டை, தொப்பி. கோலை எடுத்துத் தெருவில் வைத்தார். ஒரு கார் வளைவில் சர்ரென்று திரும்பியது. கோலை உள்ளே இழுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி வைத்தார். இரண்டு ஸ்கூட்டர்கள். மறுபடி இழுத்துக்கொண்டார். இப்படி எத்தனை தடவை என்று யூ-சின் எண்ணவில்லை. எண்ண மனசு வரவில்லை. எதிர்ப்பக்கம் ஆலமரத்தடியில் பலகையை விரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் இருந்தது ஒரு பேருந்தின் அகலம்தான். மலை மலையாகப் பேருந்து ஓட்டிய மனிதர் அந்த அகலத்தைத் தாண்ட முடியாமல், கடைசியில் வாசல் முக்காலியில் உட்கார்ந்து, காற்று வாங்கத்தான் வந்தவர் மாதிரி தொப்பியால் விசிறிக்கொண்டார்.

சோயாப் பால் ஆறிப்போய்விட்டது. யூ-சினுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

வெட்கப்படுவது யாருக்கும் வரும். அடுத்து அவள் செய்ததுதான் எல்லோருக்கும் வராது, அதனால்தான் இந்தக் கதையையே சொல்ல வேண்டியிருக்கிறது.

நகர அலுவலகம் அந்த வருஷம் ஒவ்வொரு பேட்டையிலும் ஒரே ஒரு இடத்தைப் பாதசாரிகளுக்காகச் சரிசெய்து தருவதாகச் சொல்லியிருந்தது. ஒரே இடம்தான். எந்த இடம் என்று முடிவு செய்ய அதிகாரிகள் அந்த வாரமே நேரில் வருகிறார்கள். யூ-சின் அதைக் கோயில் வாசலுக்கு என்று லியாவிடம் எப்போதோ வாக்குக் கொடுத்துவிட்டாள். மழையில் வழுக்கும் பழைய கல்லைப் பெயர்த்துவிட்டு, அகலமான நடைபாதையும் சிவப்புக் கல் தரையும் போட வேண்டும் என்பது லியாவின் ஆசை. கோயில் குழுவின் ஓட்டு இல்லாமல் அந்தப் பேட்டையில் யாரும் தலைவராக முடியாது. இது யூ-சினுக்குத் தெரியும். தெரிந்தேதான் அந்த வேலையை ஹோக்-லாய் வாசலுக்குக் கேட்கத் துணிந்தாள்.

அதிகாரிகள் வந்த காலை கோயில் வாசலில் பந்தலே போட்டிருந்தார் லியாவ். ஐஸ் போட்ட தேநீர் தயார். நகர அலுவலகப் பொறியாளர் ஹுங், கண்ணாடி போட்ட இளைஞர், மஞ்சள் தொப்பியும் அட்டையும் பேனாவுமாக வந்தார். கூடவே ஒரு போக்குவரத்துப் போலீஸ்காரர், நகர மன்ற உறுப்பினரின் உதவியாளர் ஒருவர். அவர்கள் தேநீரைக் கையில் வாங்குவதற்குள் யூ-சின் குறுக்கே வந்தாள்.

"தம்பி, முதல்ல இந்தப் பக்கம் வாங்க. டீ எங்கயும் ஓடிப்போகாது."

சந்து வளைவில், ஹோக்-லாய் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாள். சத்தம் கேட்டு ஹோக்-லாயும் தொப்பியோடு வாசலுக்கு வந்தார். லியாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

பொறியாளர் அட்டையைப் புரட்டினார். "தலைவியம்மா, இந்தச் சந்துல விபத்தே பதிவாகலையே. கோயில் வாசல்ல ஸ்கூட்டர் வழுக்கி விழுந்த கேஸ் சிலது இருக்கு. முன்னுரிமை அங்கதான் வரும்."

"பாத்தியா!" என்றார் லியாவ்.

"இங்க யாரும் வெளியவே வர்றதில்ல தம்பி. வராதவங்கள எப்படி இடிப்பாங்க? சரி, எனக்கு ஒரு உதவி பண்ணுங்க. எதிர்ல அந்த ஆலமரம் இருக்குல்ல, அதைத் தொட்டுட்டு வாங்க. ஓடக் கூடாது. இந்த அண்ணன் நடக்கற வேகத்துல நடக்கணும்."

பொறியாளர் சிரித்துக்கொண்டே இறங்கினார். ஹாரன் அலறியது; ஏறிக்கொண்டார். மறுபடி இறங்கினார். ஒரு சின்ன லாரி அவர் தொப்பியை உரசாத குறையாகப் போனது. போலீஸ்காரர் நிற்கிறார் என்றுகூட யாரும் பார்க்கவில்லை. மூன்றாவது தடவை ஏறிக்கொண்டபோது பொறியாளரின் சிரிப்பு போய்விட்டது.

அவர் நல்ல பிள்ளைதான், மழுப்பாமல் பேசினார். "கஷ்டம் புரியுது. ஆனா மேல கேப்பாங்க. வண்டி மெதுவாப் போனா இவரு கடந்துருவாருன்னு என்ன நிச்சயம்? இவரால..." ஹோக்-லாயைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "இவரால முடியாமலும் இருக்கலாம் இல்லையா?"

ஹோக்-லாய்க்குக் கால்தான் இழுத்திருந்தது. காது நன்றாகவே கேட்டது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். பெக்-ஹா கதவுக்குப் பின்னால் நின்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

யூ-சின் விறுவிறுவென்று நடந்து பேட்டை அலுவலகத்துக்குள் போனாள். கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். லியாவ் தேநீரைப் பற்றி மறுபடி ஞாபகப்படுத்தினார்.

அப்போது பாட்டு கேட்டது.

கூரையிலிருந்த ஒலிபெருக்கியில், காலை பத்து மணிக்கு, குப்பை வண்டியின் பாட்டு. கைபேசியில் பிடித்து வைத்திருந்ததை மைக்கில் வைத்துவிட்டாள் மகராசி. தெருக்கோடி வரைக்கும் ஒலித்தது.

"இந்த நேரத்துல வண்டி வராதே?" என்றார் பொறியாளர்.

வண்டி வருமா வராதா என்று யோசிக்கிற பழக்கம் அந்தச் சந்தில் யாருக்கும் இல்லை. பாட்டு கேட்டால் கால் தானாக ஓடும். முதல் கதவு திறந்தது. ஒரு அம்மாள் தலை நிறைய ஷாம்பு நுரையோடு பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். எதிர் வீட்டு வாத்தியார் அரைக்கால் சட்டையோடு வந்தார். நாற்றம் வரக் கூடாது என்று உறைபெட்டியில் வைத்திருந்த மீன் முள்ளை ஒருத்தி கட்டியாகவே கொண்டு வந்தாள். சோயாப் பால் கடைக்காரன் வாடிக்கையாளரை விட்டுவிட்டு வாளியோடு வந்தான். ஐந்தாறு பேர் பத்தாகி, இருபதாகி, எப்போதும் நிற்கும் அதே நடுத்தெருவில் நின்று வண்டி எங்கே என்று கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

"என்னங்க, நேரத்த மாத்திட்டாங்களா?"

"மாத்தினா சொல்ல மாட்டாங்களா? என்ன ஆபீசோ, என்ன எழவோ!"

வளைவில் வந்த கார் கூட்டத்தைப் பார்த்ததும் ஊர ஆரம்பித்தது. பின்னால் வந்ததும் ஊர்ந்தது. ஸ்கூட்டர்கள் காலைத் தரையில் ஊன்றிக்கொண்டன.

ஹோக்-லாய் தொப்பியைத் தலையில் வைத்தார். கையில் பை இல்லை. கோலைத் தெருவில் வைத்தார், காலை இழுத்தார், மறுபடி கோலை வைத்தார். பொறியாளர் தாங்கிப் பிடிக்க ஒரு அடி எடுத்தார். கதவுக்குப் பின்னாலிருந்து பெக்-ஹா, "தொடாதீங்க தம்பி" என்றாள்.

அவர் மெதுவாகத்தான் போனார். ஆனால் நிற்கவே இல்லை. நடுத்தெருவில் தனக்காக நின்ற காரைப் பார்த்து, பழைய ஓட்டுநர்கள் ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வதுபோல, இரண்டு விரலைத் தொப்பியில் தொட்டு எடுத்தார். எதிர்ப்பக்கம் ஏறினார். முற்றத்தைக் கடந்தார். ஆலமரத்தடிக்குப் போய் உள்ளங்கையால் மரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பினார்.

"தொட்டுட்டேன் தம்பி!" என்று அங்கிருந்தே கத்தினார். "எழுதிக்குங்க!"

பொறியாளர் உடனே எழுதவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெயில் காலம், வியர்வையாகவும் இருக்கலாம்.

இதற்குள் கூட்டம் பொறுமை இழந்துவிட்டது. "வண்டி எங்க? யூ-சின், வண்டி எங்க?" என்று நுரைத்தலை அம்மாள் கத்தினாள். பாட்டு நின்றது. ஒலிபெருக்கி கரகரத்தது.

"வண்டி வராது" என்றது யூ-சினின் குரல். "நாந்தான் பாட்டுப் போட்டேன். சாயங்காலம் வந்து எல்லாரும் என்னைத் திட்டிக்கலாம். இந்தத் தெருவுல பூந்தொட்டிய எடுத்தது என் தப்பு. அழகு அழகுன்னு பாத்தேன், ஆளைப் பாக்கல. ஹோக்-லாய் அண்ணன் மூணு மாசமா இந்தத் தெருவத் தாண்டக் குப்பை தேடிக்கிட்டிருந்தாரு. என்னால." மூக்கை உறிஞ்சும் சத்தம் பேட்டை முழுக்கக் கேட்டது. "யாரும் நகராதீங்க! அண்ணன் திரும்பி வரணும்!"

ஒருவரும் நகரவில்லை. மீன் முள் கட்டி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது, அதைக் கொண்டு வந்தவளும் நகரவில்லை. அதுவரை திட்டிக்கொண்டிருந்த வாத்தியார் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, காருக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றார். இந்த ஜனங்களை நினைத்தால் இப்போதும் மனசு நிறைந்துபோகிறது. ஏமாற்றி வரவழைத்தவர்களை உண்மை சொல்லி நிற்க வைத்தாளே, அது சாதாரண வேலை இல்லை.

அலுவலகத்திலிருந்து வெளியே வந்தவளை லியாவ் மறித்துக்கொண்டார்.

"சாமி வாசலை விட்டுட்டுச் சந்துக்குப் போடறியா? எனக்குக் கொடுத்த வாக்கு?"

"தப்புதான் லியாவ் அண்ணே. வாக்கு மீறினதுக்கு சாமிகிட்ட நானே விழுந்து மன்னிப்புக் கேட்டுக்கறேன். ஆனா சாமிக்குப் பல்லக்கு இருக்கு. தூக்க எட்டு ஆள் இருக்கு. இந்த அண்ணனுக்கு ஒரு கோலுதானே இருக்கு?"

"ஓட்டு ஞாபகம் இருக்கட்டும்."

"இருக்கு. போடலன்னா வீட்ல உக்காந்து நாடகம் பாக்கறேன். பத்து வருஷமா ஒரு நாடகமும் முழுசாப் பாத்ததில்ல."

லியாவ் ஐஸ் தேநீர் முழுவதையும் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார். அதிகாரிகளுக்கு ஒரு கோப்பைகூடக் கிடைக்கவில்லை. பொறியாளர் கடையில் சோயாப் பால் வாங்கிக் குடித்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து சந்தின் வளைவை நாலைந்து விதமாக வரைந்து பார்த்தார்.

மழைக்காலம் முடிந்ததும் வேலை நடந்தது. வளைவில் தெருவைக் குறுக்கினார்கள். ஹோக்-லாய் வாசலிலிருந்து கோயில் முற்றம் வரைக்கும் தெருவைச் சற்று உயர்த்தி மேடாக்கினார்கள். கார் ஏறி இறங்க வேண்டும், கால் ஏறி இறங்க வேண்டாம். இரண்டு பக்கமும் நகர அலுவலகமே பெரிய சிமெண்டுத் தொட்டிகளை வைத்தது. அலுவலகம் நட்டுவைத்த அலங்காரச் செடிகளைச் சந்துக்காரர்கள் ஒரே வாரத்தில் பிடுங்கிவிட்டு வெங்காயத்தாளும் மிளகாயும் போட்டுவிட்டார்கள். யூ-சின் பார்த்தும் பார்க்காத மாதிரி போனாள்.

மேடு திறந்த நாளுக்கு மறுநாள் மாலை குப்பை வண்டி வந்தது. வழக்கம்போல எல்லோரும் நின்றார்கள். யூ-சின் கூட்டத்தில் கண்ணை ஓட்டினாள். ஹோக்-லாயைக் காணவில்லை. குப்பைப் பையோடு வரத் தொடங்கிய நாளிலிருந்து அவர் ஒரு மாலைகூடத் தவறியதில்லை. அவளுக்குப் பகீரென்றது. எங்காவது விழுந்துவிட்டாரா? மேட்டில் தடுக்கியதா? வண்டியை அப்படியே விட்டுவிட்டு அவர் வீட்டுக்கு ஓடினாள்.

எதிரே பெக்-ஹா வந்துகொண்டிருந்தாள். இரண்டு கையிலும் நிறைய நிறையக் குப்பைப் பை, நெற்றியெல்லாம் வியர்வை.

"அண்ணன் எங்கடி?"

"எங்கயா? காலையில ஏழு மணிக்குத் தொப்பி போட்டுக்கிட்டுப் போன மனுஷன். மத்தியானம் சோத்துக்கு வந்தாரு, தின்னாரு, மறுபடி போயிட்டாரு. கூப்பிட்டா, இதோ ஒரு ஆட்டம்ங்கறாரு. வீட்ல ஒரு வேலைக்கு ஆகல. குப்பையும் இனிமே நாந்தான் சுமக்கணும்."

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் சிரிப்பை எவ்வளவு நேரம்தான் அடக்க முடியும்?

"எல்லாம் உன்னாலதான்" என்றாள். "இந்தா, ஒரு பையப் பிடி."